நஞ்சு யாருக்கு, மருந்து யாருக்கு?

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன தடவை இங்கே வந்திருந்தபோது மாணவத் தோழர் ஒருவர் செய்தித்தாளிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். பாம்பு விஷத்தில் புற்றுநோய்க்கு மருந்து என்று தலைப்பு. "இது நிஜமாண்ணே? நீங்க மருந்தியல் படிச்சவராச்சே"ன்னு கேட்டார். அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. இன்றைக்கு அதையே தலைப்பாக்கி என்னை நிற்க வைத்துவிட்டார்.

தலைப்பு மருந்துதான். ஆனால் பாம்பு என்றதும் எனக்கு ஆய்வுக்கூடம் ஞாபகம் வருவதில்லை. எங்கள் சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் பேசப்போகும் மற்றதெல்லாம் பாடப்புத்தகம் படிப்பது போல ஆகிவிடும்.

1987, ஐப்பசி கடைசி. எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம், ஏரிப்பாசனம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆண்டை நிலத்துக்கு மடை திருப்பப் போனார் சித்தப்பா. வெறுங்கால். கையில் மண்வெட்டி மட்டும், விளக்குகூட இல்லை. வரப்பில் கணுக்காலுக்கு மேல் கடித்துவிட்டது. அரிக்கேன் விளக்கோடு தெருவே ஓடியது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஆறேழு இருளர் குடிசைகள் உண்டு. சத்தம் கேட்டு அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். கால் பக்கம் உட்கார்ந்து கடிவாயைப் பார்த்தார். விளக்கை வாங்கிக்கொண்டு வரப்புக்குப் போய் ஈரமண்ணில் தடம் பார்த்துவிட்டு வந்தார். அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "கண்ணாடி விரியன் சாமி. இதுக்கு எங்ககிட்டயே வேரு கெடையாது. சங்கத்துல நாங்க வெசம் எடுத்துக் குடுக்குறோம்ல, அதுல செய்யுற ஊசிதான். இப்பவே தூக்குங்க."

யாரும் கேட்கவில்லை. "இருளன் பேச்சைக் கேட்டு ராத்திரியில எங்கடா தூக்கிட்டு ஓடுறது"ன்னு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆண்டை வீட்டு டிராக்டர் களத்தில்தான் நின்றது, விடியட்டும் என்று பதில் வந்தது. தொடைக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, பக்கத்து ஊர் மந்திரக்காரரிடம் கொண்டுபோனார்கள். விடியற்காலை பல் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தபோது சிறுநீர் நின்றுபோயிருந்தது. ஆறாம் நாள் செத்துப்போனார். வயசு முப்பத்திநாலு.

ஆண்டை வீட்டு டிராக்டரைப் பற்றி நாங்கள் முப்பது வருஷமாகப் பேசிவிட்டோம். இருளர் பெரியவர் சொன்னதை நாம் ஏன் கேட்கவில்லை என்பதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவருக்கு எங்கள் தாத்தா வயசு. எங்கள் தெருச் சின்னப்பயல்கள் அவரை 'வாடா, போடா' என்றுதான் பேசுவோம். அவர் எங்களைச் 'சாமி' என்பார். அந்தச் சாமியை வேண்டாம் என்று எங்களில் ஒருத்தரும் சொன்னதில்லை. ஊருக்குத் தள்ளி நம்மை வைத்தார்கள். நமக்கும் தள்ளி அவர்கள் இருந்தார்கள், நமக்கும் அது வசதியாக இருந்தது. அன்றைக்கு அந்த வரப்பில் இருந்தவர்களிலேயே விஷத்தைப் பற்றி விஞ்ஞானம் பேசிய ஒரே ஆள் அவர்தான். எந்தப் பாம்பு என்று தடத்தை வைத்துச் சொன்னார், தன் வைத்தியத்தின் எல்லை எது என்றும் சொன்னார். இரண்டாவதைச் சொல்லத்தான் அதிக அறிவு வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விஷம் என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. ஒரு பாம்பின் விஷத்தில் பத்துக் கணக்கில், சிலவற்றில் நூறைத் தாண்டியும், தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன. இரையை ஓடவிடாமல் நிறுத்துவதுதான் இவற்றின் வேலை. ஒன்று நரம்பு தசைக்குச் சொல்லும் உத்தரவைத் தடுக்கும். ஒன்று ரத்தத்தை உறைய வைக்கும், இன்னொன்று உறையவிடாமல் செய்யும். ஒன்று ரத்த அழுத்தத்தை ஒரேயடியாகக் கீழே இறக்கும். மருந்து செய்கிறவருக்கு வேண்டியதும் இதுதான்: உடம்பில் நூறு இடத்தில் கைவைக்காமல் ஒரே ஒரு பூட்டில் மட்டும் பொருந்துகிற சாவி. பல லட்சம் வருஷமாகப் பாம்பு அந்தச் சாவிகளை ராவி ராவி வைத்திருக்கிறது. அளவு கூடினால் கொலை, அளவோடு இருந்தால் சிகிச்சை.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் பிரேசில் நாட்டிலிருந்து வருகிறது. அங்கே ஜராராக்கா என்று ஒரு விரியன் வகைப் பாம்பு. பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல்தான். அதற்குப் பிறகும் சாவோ பாலோ மாநிலத்துக் காப்பித் தோட்டங்களில் உடம்பால் உழைத்தவர்களைத்தான் அந்தப் பாம்பு கடித்தது. வித்தால் பிரேசில் என்ற மருத்துவர் (அவர் பெயரே அப்படித்தான்) அந்தச் சாவுகளைப் பார்த்துவிட்டு விஷமுறிவு மருந்தில் இறங்கினார். 1901இல் புட்டன்டான் நிறுவனம் அவர் தலைமையில் அமைந்தது. அவர் ஒரு ஏற்பாடு செய்தார். கிராமத்து ஆட்கள் பாம்பைப் பிடித்துப் பெட்டியில் அனுப்பினால், பதிலுக்கு விஷமுறிவு மருந்தும் ஊசிக்குழலும் போகும். பாம்பைக் கொடுத்தவனுக்கே மருந்து. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1940களின் கடைசியில் சாவோ பாலோவில் ரோச்சா இ சில்வா என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் ஜராராக்கா விஷத்தை ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தத்திலிருந்தே ஒரு பொருள் விடுபட்டு வந்தது. ரத்தக்குழாய்களை விரிய வைக்கும் அந்தப் பொருளுக்குப் பிராடிகைனின் என்று பெயர் வைத்தார்கள். 1965இல் செர்ஜியோ பெரேரா என்பவர் அதே விஷத்தில் இன்னொன்றைக் கண்டார். பிராடிகைனின் சீக்கிரம் சிதைந்துபோகாமல் அதன் வேலையைப் பலமடங்கு கூட்டுகிற சிறுசிறு புரதத் துண்டுகள் அவை. அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேன் என்பவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற ஒரு பொருளை நம் உடம்பில் ஒரு நொதி தயாரிக்கிறது. இந்த விஷத்துண்டு அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது என்பது அங்கே தெரியவந்தது. கடிபட்டவன் அழுத்தம் இறங்கிச் சுருண்டு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜான் வேன், ஸ்குவிப் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனிக்கு ஆலோசகர். அந்தக் கம்பெனியில் டேவிட் கஷ்மன், மிகேல் ஒண்டெட்டி என்று இரண்டு பேர் விஷத்துண்டைச் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். ஊசியாகப் போட்டால் அழுத்தம் இறங்கியது, வாயால் சாப்பிட்டால் வயிற்றிலேயே செரித்துப்போனது. ஊசியை வைத்து ரத்தக்கொதிப்புக்காரர்களிடம் வியாபாரம் பண்ண முடியுமா? தினமும் சாப்பிட மாத்திரை வேண்டும். நொதியின் எந்தக் குழியில் அந்தத் துண்டு போய் உட்காருகிறது என்று கணக்குப் போட்டு, அந்தக் குழிக்குப் பொருந்துகிற சின்ன மூலக்கூறு ஒன்றை 1975இல் செய்தார்கள். அதுதான் கேப்டோபிரில். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காப்புரிமை கம்பெனியுடையது. நூறு கோடி டாலர் விற்பனை பார்த்த மருந்துகளில் அதுவும் ஒன்றானது.

அதைப் பார்த்து மற்றக் கம்பெனிகளும் இறங்கின. எனலாப்ரில் வந்தது. பெயர் 'பிரில்' என்று முடிகிற மாத்திரைகள் எல்லாம் அந்தக் குடும்பம். என் அம்மாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷருக்கு எனலாப்ரில்தான் தருகிறார்கள். "இது பாம்புக்குச் சொந்தக்கார மாத்திரைம்மா"ன்னு ஒருநாள் சொன்னேன். "உன் சித்தப்பனைக் கொன்னதோடதா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, அது வேற நாட்டுப் பாம்புன்னேன். "எந்த நாட்டுதா இருந்தா என்ன"ன்னு சொல்லிட்டு முழுங்கிட்டாங்க.

அந்த மாத்திரை நல்ல மாத்திரை, தோழர்களே. நான் கம்பெனியை எதிர்க்கிறேன் என்பதற்காக மருந்தைக் குறை சொல்லமாட்டேன். இருதயம் பலவீனமானவர்கள், சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று கோடிக்கணக்கானவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டியிருக்கிறது. பெரேரா வேலை செய்ததும், கஷ்மனும் ஒண்டெட்டியும் வேலை செய்ததும் பெரிய வேலை. நான் கேட்பது வேறு.

இப்போது நம் ஊர்ப் பாம்புக்கு வருகிறேன். சுருட்டை விரியன் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கையளவு நீளம்தான் இருக்கும், செதிலைச் செதிலோடு தேய்த்து சரசரவென்று சத்தம் போடும். அதன் விஷத்தில் எக்கிஸ்டாட்டின் என்று ஒரு சின்னப் புரதம். ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் கட்டி உண்டாகிறது. ஒட்டுவதற்கு அவற்றின் மேல் ஒரு கொக்கி இருக்கிறது. எக்கிஸ்டாட்டின் அந்தக் கொக்கியில் போய் மாட்டிக்கொண்டு, ஒட்டவிடாமல் செய்துவிடும். இதை மாதிரியாக வைத்து மெர்க் கம்பெனி செய்த மருந்துதான் டிரோபிபான். அமெரிக்கப் பிக்மி கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைப் பார்த்துச் செய்தது எப்டிபிபாடைட். இரண்டுக்கும் 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு வந்தவருக்கு, ரத்தக்குழாயில் பலூன் வைத்து அடைப்பு எடுக்கும்போது இவற்றை ஏற்றுகிறார்கள். சென்னையின் பெரிய இருதய ஆஸ்பத்திரிகளிலும் இவை இருக்கின்றன. நம்ம இருளர் பிடிச்ச பாம்புதான் அங்கே போச்சுன்னு நான் சொல்ல வரவில்லை. அதே இனம், அவ்வளவுதான்.

கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரசல் என்பவர் பெயரால் அழைக்கிறார்கள். யார் இந்த ரசல்? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்த மருத்துவர் பாட்ரிக் ரசல். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் புத்தகம் போட்டார். நம்ம பாட்டன் காலத்துக்கும் முன்னாலிருந்து கண்ணாடி விரியன் என்று பெயர் சொல்லி, அதற்குப் பயந்து, அதைத் தாண்டி நடந்த பாம்புக்கு, படம் போட்டுப் புத்தகம் எழுதியவர் பெயர். பிடித்துக் கொடுத்த கைகளுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. அதே விஷத்தை 1934இல் லண்டனில் மக்பார்லேன் என்ற மருத்துவர், ரத்தம் உறையாத பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும்போது ரத்தத்தை நிறுத்தப் பயன்படுத்திப் பார்த்தார். இன்றைக்கும் ரத்த உறைவுக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கிற ஒரு பரிசோதனைக்கு, உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இந்த விஷத்தைத்தான் நீர்த்து உபயோகிக்கிறார்கள். சித்தப்பாவின் ஈறில் ரத்தம் கசிய வைத்த அதே குணம்தான். உறைவதற்கான சத்துக்களை எல்லாம் ஒரே மூச்சில் செலவழிக்க வைத்துவிடும், பிறகு உறைய ரத்தத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது.

புற்றுநோய்ச் செய்திக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்லை விஷம் கொல்கிறது என்பது உண்மை. கொதிக்கிற எண்ணெயை ஊற்றினாலும் அது சாகும். தட்டிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து மனுஷனுக்கு வருகிற வழியில் பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் விஷப்புரதங்களைப் படித்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த மருந்துகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதனால் யாராவது பாம்பு விஷத்தில் புற்றுநோய் மருந்து என்று டப்பா விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாம்பு விஷத்திலிருந்து இருதயத்துக்கு மருந்து வந்தது, ரத்தக்கொதிப்புக்கு மருந்து வந்தது. பாம்புக்கடிக்கு என்ன வந்தது?

விஷமுறிவு மருந்தை 1890களில் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்தார். வியட்நாமில் சைகோனில் வேலை பார்த்தவர். வெள்ளம் வந்து நாகங்கள் ஊருக்குள் புகுந்து ஜனங்களைக் கடித்ததைப் பார்த்துவிட்டு அதில் இறங்கினார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றுவது, அதன் உடம்பு எதிர்ப்புப் புரதங்களைச் செய்த பிறகு ரத்தத்தை எடுத்துப் பிரிப்பது. இன்றைக்கு நம் ஆஸ்பத்திரியில் போடுவதும் இதே முறையில் செய்ததுதான். சுத்திகரிப்பு முன்னேறியிருக்கிறது, உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். அடிப்படை மாறவில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும். அதனால் ஆரம்பத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பி ஏற்றச் சொல்கிறார்கள். ஒரு குப்பி இருக்கிறது என்று சொல்கிற ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு புது மாத்திரையை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், வரெஸ்பிளாடிப் என்று பெயர். விஷத்தில் உள்ள ஒரு முக்கிய நொதியைத் தடுக்கும். அதுகூட பாம்புக்கடிக்காகச் செய்ததில்லை. இருதய நோயாளிகளுக்காகச் செய்தது. அங்கே பலன் தராமல் 2012இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. கிடப்பில் போட்டதை எடுத்துத்தான் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்புக்கடி நோயாளிகளிடம் சோதித்தார்கள். பணக்காரர் பந்தியில் மீந்தது நம் இலைக்கு வருகிறது. மருந்தாக வந்தால் வாங்கிக்கொள்ளத்தான் போகிறோம், ஆனால் வரிசை எப்படி இருக்கிறது பாருங்கள்.

ஏன் இப்படி? இருதய நோயாளி மாத்திரையை முப்பது வருஷம் தினமும் வாங்குவார். பாம்பு கடித்தவர் ஒரே ஒரு நாள் வாங்குவார், அன்றைக்கும் அவரிடம் காசு இருக்காது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் செத்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்துச் சாவுகள், கால்வாசிப் பேர் பதினைந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதல் வகுப்பில் சேர்த்ததே 2017இல்தான். தமிழ்நாட்டில் 2024இல்தான் ஒவ்வொரு பாம்புக்கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அறிவித்தார்கள். அதுவரைக்கும் நம் சாவு கணக்கிலேயே ஒழுங்காக வரவில்லை. வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவன் யார், இருட்டில் மடை திருப்புகிறவன் யார், கதவில்லாத வீட்டில் தரையில் படுக்கிறவன் யார்? கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரி தூங்குகிறவரைத்தான் கடிக்கிறது. கட்டிலும் கொசுவலையும் இருந்தாலே அந்தச் சாவில் பெரும்பங்கு குறையும். பாம்பு சாதி பார்த்துக் கடிப்பதில்லை என்பார்கள். உண்மைதான். பாம்பு இருக்கிற இடத்தில் யாரை நிறுத்துவது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இந்த மருந்துக்கு விஷம் யார் கொடுக்கிறார்கள்? மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குள்ளே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தோல் வெளிநாட்டில் செருப்பும் கைப்பையும் ஆனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. தோல் வியாபாரிகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். இருளர்களுக்குச் சோறு நின்றது. ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, 1978இல் சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுவது என்ற ஏற்பாடு. முந்நூறுக்கு மேல் உறுப்பினர்கள், பெண்களும் உண்டு. இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குத் தேவைப்படுகிற விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்துதான் வந்திருக்கிறது.

நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பானை பானையாக அடுக்கி, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கழுத்தைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்க வைக்கிறார்கள். மஞ்சளாய் இரண்டு சொட்டு விழுகிறது. ஒரு பாம்பிடம் வாரம் ஒருமுறை, மொத்தம் நாலு முறை. பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து விட்டுவிடுகிறார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடக்கூடாது என்று. அங்கே ஒருவரிடம், பாம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "எலி வளையைப் பார்ப்பேன், வாய்ல மண்ணு வழவழன்னு இருக்கும்"னார். எந்த ஆய்வுக்கூடத்திலும் இதற்குக் கருவி இல்லை. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்பைப் பிடிக்க. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பத்மஸ்ரீ சந்தோஷம். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி கொடுத்தால்தான் வேலை, அனுமதி தள்ளிப்போனால் பட்டினி. பிடித்த பாம்புக்கு இவ்வளவு என்று கூலி. பொடியான விஷம் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது, ஆராய்ச்சிக்கும் போகிறது. நாளைக்கு அந்தப் பொடியிலிருந்து இன்னொரு கேப்டோபிரில் வந்தால் வடநெம்மேலிக்கு என்ன வரும்? நம் நாட்டில் 2002இல் பல்லுயிர்ச் சட்டம் போட்டார்கள். உயிர்வளத்திலிருந்து லாபம் எடுக்கிறவர்கள் அதைக் காத்துவந்த ஜனங்களோடு பங்கிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்கும் முன்பே கேரளத்தில் காணிக்காரர் பழங்குடிகள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஜீவனி என்று மருந்து செய்தபோது, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியை அவர்களுக்கு என்று எழுதினார்கள். அதில் குறைகள் நிறைய உண்டு, ஆனாலும் முன்மாதிரி இருக்கிறது. விஷத்துக்கு ஏன் கூடாது? வித்தால் பிரேசில் காலத்தில்கூடப் பாம்பு கொடுத்தவனுக்கு மருந்துக் குப்பி திரும்பிப் போனது. நம் இருளர் ஒருவரைப் பாம்பு கடித்தால், அவர் கொடுத்த விஷத்தில் செய்த மருந்தைத் தேடி அவரும் நம்மைப் போலத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டும்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். ஒரே வட்டாரத்து விஷத்தில் செய்த மருந்து, வேறு மாநிலத்து நாகம், கட்டுவிரியன் விஷத்தைச் சரியாக முறிப்பதில்லை என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 2019க்குப் பிறகு காட்டியிருக்கிறார்கள். ஆக ஒவ்வொரு வட்டாரத்திலும் விஷம் எடுக்க வேண்டிவரும். அங்கெல்லாம் யார் சொல்லித்தரப் போகிறார்கள்? இருளர்களைத் தினக்கூலி ஆட்களாகக் கூட்டிப்போவார்களா, வாத்தியார் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போவார்களா? இதை இப்போதே கேட்கவேண்டும்.

பழங்குடி அறிவு என்று பெருமை பேசுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெருமையை மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் கொண்டுபோய் முடிச்சுப் போடாதீர்கள். விஷம் ஏறிய உடம்புக்குக் குப்பி மருந்துதான். கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடு. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் ஆட்டாமல் வைக்கச் சொல்லு. உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம், ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும். நம் மாணவர்கள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போய் இன்றைக்கு எத்தனை குப்பி இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வயலுக்குப் போகிறவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் டார்ச்சும் நிலத்துக்காரர் தரவேண்டும் என்று கூலிப் பேச்சில் சேருங்கள். எங்கள் தெருவில் பேச ஆரம்பித்திருக்கிறோம்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய கொள்ளுப்பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நர்சிங் படிக்க வேண்டும் என்கிறது. பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. உன் அப்பாவுக்குச் சான்றிதழ் உண்டா, தாத்தாவுக்கு உண்டா என்று கேட்கிறார்களாம். பாம்புத் தடம் பார்த்துப் பெயர் சொன்ன மனுஷனுக்குத் தான் இருளன் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவிலிருந்து நாலு பேர் அந்தப் பெண்ணோடு போகிறோம். சேரியிலிருந்து இருளருக்காக அங்கே போவது இதுதான் முதல் தடவை. வரமுடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பஸ் ஏழரைக்கு.